வீழிமிழலைக் காசு

கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில (அரசாங்கத்தில்) மேய் என்று பிள்ளைகளை வளர்த்த ஊர் யாழ்ப்பாணம். 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் விழுந்த பிறகு அதே ஊரில், அரச உத்தியோகத்தர் என்றால் திறைசேரியைத் தின்றவர் என்று கதை. கோயில் பிரசங்கத்திலும் கேட்டேன்: மக்கள் சேவை மகேசன் சேவையாம், அதற்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பது பாவமாம். நான் கணக்குக் கிளையில் இருந்து ஓய்வுபெற்றவன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கோயில்களில் புராணபடனம் இன்னும் நடக்கிறது. ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். பெரியபுராணத்தில் திருவீழிமிழலை வரும் நாளை நான் தவறவிடுவதில்லை. ஊரில் பஞ்சம். அப்பரும் சம்பந்தரும் அடியார் கூட்டத்தோடு அங்கே தங்கியிருக்கிறார்கள். இறைவன் பலிபீடங்களில் நாளுக்கு இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு வைக்கிறார். அதை மாற்றி அரிசி வாங்கி இரண்டு மடத்திலும் சோறு போடுகிறார்கள். ஆனால் சம்பந்தர் மடத்தில் மட்டும் பந்தி பிந்துகிறது. ஏன் என்று பிள்ளை சம்பந்தர் விசாரிக்கிறார். அப்பர் காசைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுக்கிறார்கள், நம்முடையதற்கு வட்டம், அதாவது மாற்றுக் கழிவு, கேட்கிறார்கள், மாற்றி வர நேரமாகிறது என்கிறார்கள் மடத்தார். அப்பர் உழவாரம் பிடித்துப் புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்பவர்; அதனால் அவருக்கு நல்ல காசு. சம்பந்தர் சந்நிதிக்குப் போய், காசின் குறையைத் தீர்த்துத் தரும்படி பதிகம் பாடினார். அதன்பிறகு நல்ல காசு வந்தது.

பயன் சொல்பவர்கள் கைத்தொண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. தொண்டர்களுக்கு ஏன் காசு என்று இறைவன் கேட்கவில்லை. நல்ல காசு தா என்று கேட்ட பிள்ளையைப் பேராசைக்காரர் என்று யாரும் சொல்லவில்லை. இதைப் பிரசங்கியாரிடம் சொன்னேன். "ஐயா, உங்களுக்குப் பென்சன் வருகுது, கதைப்பியள்" என்றார்.

2022இல் எங்கள் காசுக்கும் வட்டம் விழுந்தது. டொலருக்கு 200 ரூபா என்றிருந்தது 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. ஒரு சட்டமும் திருத்தாமல் எல்லாருடைய சம்பளத்தையும் வெட்டியாயிற்று. பிறகு சுற்றறிக்கைகள் வந்தன: வெள்ளிக்கிழமை வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம், சம்பளமில்லா லீவில் ஐந்து வருடம் வெளிநாடு போகலாம், 60 வயதானவர்கள் வருட முடிவோடு வீட்டுக்குப் போகவேண்டும்.

ஆட்குறைப்புத் தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. தேர்தலை மனதில் வைத்துப் பட்டதாரிகளை அள்ளி அலுவலகங்களில் கொட்டியதைக் கண்ணால் கண்டவன். காலை எட்டரைக்குக் கையெழுத்து, கதிரை இல்லை, கடமைப் பட்டியல் இல்லை, வேப்பமரத்தடியில் ரெலிபோன், நாலேகாலுக்கு மறுபடி கையெழுத்து. கைத்தொண்டு செய்ய வந்த பிள்ளைகளுக்கு உழவாரத்தைக் கொடுக்காமல் காசை மட்டும் கொடுத்தோம். அதே கட்டடத்தில் ஓய்வூதியப் பகுதி எழுதுவினைஞர் கோப்புக் கட்டுகளுக்குப் பின்னால் தலை தெரியாமல் இருந்தார். அவருக்கு 60 ஆனது; போனார். மரத்தடி அப்படியே இருந்தது. வயதும் கடவுச்சீட்டும் ஆளை எடுக்கும். யார் வேலை செய்தவர் என்று அவற்றுக்குத் தெரியாது.

2025 வரவுசெலவுத் திட்டம் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக, கட்டம் கட்டமாக உயர்த்தியது. காசின் குறை கொஞ்சம் தீரும். பந்தி ஏன் பிந்துகிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. சம்பந்தர் முதலில் கேட்டது அதைத்தான். காசைப் பற்றிய கதை பிறகுதான் வெளிவந்தது. திறைசேரி காசில் தொடங்குகிறது. கணவனை இழந்த ஒரு பெண்ணின் ஓய்வூதியக் கோப்பை எடுத்து, எந்த மேசையில் எத்தனை மாதம் கிடந்தது, அந்த மேசைக்கு ஆள் உண்டா, இருப்பவரின் சம்பளம் இருபதாம் திகதி வரையாவது போகுமா என்று கேட்டுக்கொண்டு வர ஒரு கணக்காய்வாளர் போதும். அதற்குச் சர்வதேச நாணய நிதியத்தின் அனுமதிகூடத் தேவையில்லை.