துறைமுகக் கணக்கும் மக்கள் அறமும்

பண்டத்தரிப்பிலிருந்து வடமேற்கே சிறிது தூரம் நடந்தால் மாதகற் கடற்கரை; கிழக்கே கீரிமலையைக் கடந்து சென்றால் காங்கேசன்துறைத் துறைமுகம். ஓரிடத்தில் முழங்காலளவு நீரில் வள்ளத்தைத் தள்ளி ஏறுகின்றனர் கடற்றொழிலாளர். மற்றோரிடத்தில், கப்பல் உட்புக இன்னும் எத்தனை மீற்றர் ஆழம் வேண்டுமென்று கணக்கிடுகின்றனர் பொறியியலாளர். இரு சாராரும் நோக்குவது ஒரே கடலைத்தான். ஆயினும் ஒரு சாராரின் கணக்கு அச்சேறி அமைச்சரவைக்குச் செல்கிறது. மறு சாராரின் கணக்கு கரையிலேயே நின்றுவிடுகிறது.

துறைமுகத்தை ஆழமாக்குதல் நன்றா, தீதா என்பது பொறியியலாளரும் பொருளியலாளரும் விடைகூற வேண்டிய வினா என்றே பலர் எண்ணுகின்றனர். அவர்கள் கூறும் விடையின்றி நாம் ஓரடியும் எடுத்துவைக்க முடியாது என்பது உண்மை. ஆனால், நன்மையை நிறுக்கும் தராசு எது, அத்தராசை யார் கையிற் பிடித்திருக்கிறார்கள் என்ற வினாக்கள் அவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. அவை அறம் பற்றிய வினாக்கள். ஆதலால் அவை நம் எல்லோருக்கும் உரியவை.

முதலில் கணக்கின் இயல்பை அறிந்துகொள்வோம். ஒரு கப்பல் எவ்வளவு பாரம் ஏற்றுகிறதோ அவ்வளவுக்கு அதன் அடித்தட்டு நீருள் அமிழ்கிறது. துறைமுகத்தின் வாய் ஆழங்குறைந்ததாயின், பெரிய கப்பல் அரைப்பாரத்துடன் வரவேண்டும். அல்லது நீர்மட்டம் உயரும்வரை வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது வேறொரு துறையில் இறக்கிச் சிறு கப்பல்களில் மாற்றியேற்ற வேண்டும். இம்மூன்றும் செலவே. கடலடியை அகழ்ந்தால் ஒரே கப்பலில் மிகுந்த சரக்கு வரும். தொன் ஒன்றுக்கான கூலி குறையும். இந்தச் சேமிப்பே துறைமுக விருத்தியின் தலையாய பயன் எனக் கொள்ளப்படுகிறது. மறுபுறத்தில் அகழ்வுச் செலவு உண்டு. ஆழம் கூடக்கூடக் கால்வாயின் சரிந்த பக்கங்களையும் அகலமாக வெட்டவேண்டியிருத்தலின், அடுத்த மீற்றர் ஒவ்வொன்றும் முந்தியதிலும் அதிக மண்ணைக் கேட்கும். வெட்டிய இடத்தைக் கடல் மீண்டும் தூர்த்துக்கொண்டேயிருக்கும். எந்த மீற்றரில் செலவு சேமிப்பை விஞ்சுகிறதோ, அந்த மீற்றருக்கு முன்னே நின்றுவிட வேண்டும் என்பது பொருளியல் கூறும் விதி.

இது அறிவுக்குகந்த விதி. பாலமும் கால்வாயும் மக்களுக்கு அளிக்கும் பயனை அளக்கும் வழியை 1844 இல் ஆராய்ந்தவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜூல் துப்புயி. அமெரிக்க நாட்டின் 1936 ஆம் ஆண்டு வெள்ளக்கட்டுப்பாட்டுச் சட்டம் இம்முறைக்கு அரச முத்திரை வழங்கியது. நன்மை யாருக்குக் கிடைப்பினுஞ் சரி, அதன் கூட்டுத்தொகை செலவினும் மிகுந்திருந்தால் திட்டம் ஏற்புடையது என்பது அச்சட்டத்தின் கருத்து. தொகுதிக்கு ஒரு கால்வாய் என்று அரசியல்வாதிகள் பொதுப்பணத்தை வாரியிறைப்பதைத் தடுக்க, கணக்குக் கேட்பது முற்போக்கான செயலே. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் 'யாருக்குக் கிடைப்பினுஞ் சரி' என்ற அந்தச் சிறு தொடரிலேதான் நமது வினா ஒளிந்துகிடக்கிறது.

வகுப்பறையில் இதனை ஒருமுறை எளிய எண்களால் விளக்கினோம். ஒரு துறைமுகம் ஆழமாக்கப்படுகிறது. கப்பற் சொந்தக்காரருக்கும் வணிகருக்கும் நாற்பது ரூபா இலாபம். கரையில் வாழ்வோருக்குப் பன்னிரண்டு ரூபா நட்டம். ஆகவே நாட்டுக்கு நிகர நன்மை இருபத்தெட்டு ரூபா என்று கரும்பலகையில் எழுதினோம். பின்வரிசையிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், அந்தப் பன்னிரண்டை இழந்தவைக்கு இருபத்தெட்டிலை எவ்வளவு வரும்?" என்று கேட்டான். கழித்தற் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவனது வினாவுக்குக் கரும்பலகையில் விடையுமில்லை.

பொருளியலாளர் இவ்வினாவை அறியாதவரல்லர். 1939 இல் நிக்கலஸ் கால்டோரும் ஜோன் ஹிக்ஸும் இதற்கு ஒரு விடை கூறினர். இலாபம் பெற்றோர், நட்டமடைந்தோருக்கு முழு ஈடு கொடுத்த பின்னும் தம்மிடம் ஏதேனும் எஞ்சுமாயின், அம்மாற்றம் சமூகத்துக்கு நன்மையானது என்பது அது. இங்கு நாம் உற்று நோக்கவேண்டியது ஒரு வினைச்சொல்லையே. 'ஈடு கொடுக்க முடியும்' என்பதே அவர்களது அளவுகோல். 'ஈடு கொடுக்கப்பட்டது' என்பதன்று. கொடுக்கக்கூடிய நிலையில் இருப்பவன் கொடாமலிருந்தாலும் கணக்கு நிறைவு பெற்றுவிடுகிறது! அயலவன் பசித்திருக்க, அவனுக்கு ஊட்டுமளவுக்கு என் வீட்டில் சோறு உண்டு என்று கூறுபவனை நாம் கொடையாளி என்போமா? தாளில் எழுதிய ஈடு எவர் வீட்டு அடுப்பையும் எரிப்பதில்லை.

இனி நமது துறைக்கு வருவோம். 1950 இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையோடு காங்கேசன்துறையின் பெயர் நாடறிந்ததாயிற்று. 1990 இல் போர் அத்தொழிற்சாலையை நிறுத்தியது. துறைமுகமும் சுற்றயலும் உயர் பாதுகாப்பு வலயமாயின. அயலிலுள்ள மயிலிட்டியின் கடற்றொழிலாளர் 27 ஆண்டுகள் தம் துறையைக் காணாது ஏதிலிகளாய் வாழ்ந்து 2017 இலேயே திரும்பத் தொடங்கினர். போர் முடிந்தபின் துறைமுகத்துள் மூழ்கிக்கிடந்த கப்பற் சிதைவுகள் இந்திய உதவியுடன் அகற்றப்பட்டன. துறைமுகத்தைத் திருத்தியமைக்க 2018 இல் 45.27 மில்லியன் டொலர் இந்தியக் கடனுக்கு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பின்னர் 2024 இல், கடனுக்குப் பதிலாகக் கொடையாகவே அவ்வேலையை நிறைவேற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில் 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கிற்று.

இத்துறைமுகம் வேண்டாமென்று நாம் கூறவில்லை, கூறவும் மாட்டோம். நாம் மாணவராயிருந்த காலத்தில், 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. குடாநாடு முழுவதும் கடல்வழி வந்த அரிசியையும் மாவையும் நம்பியே உயிர்வாழ்ந்தது. அடுத்த கப்பல் எப்போது என்பதே அன்று ஒவ்வொரு வீட்டிலும் முதற்பேச்சு. ஒரு தொன் சரக்குக்கு எத்தனை ரூபா மிச்சம் என்ற அட்டவணை அன்றைய கப்பலின் பெறுமதியை ஒருபோதும் காட்டாது. கணக்கு என்பது நன்மையைப் பெருப்பித்துக் காட்டுவது மட்டுமன்று. சில நன்மைகளைக் காணாமலும் விட்டுவிடும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறியில் வரும் சீமெந்தும் மாவும் நேரே காங்கேசன்துறையில் இறங்குமாயின் அது நமக்கு நன்மையே. ஆயினும் அந்தச் சேமிப்புக் கடைவிலையில் தெரியுமா? இறக்குமதி இரண்டொரு கைகளுக்குள் அடங்கியிருந்தால் கூலி குறையும்; விலை குறையாது. சேமிப்பு எங்கே தங்கிற்று என்பதையும் கணக்குக் கூறவேண்டும்.

கொடையாகக் கிடைக்கிறதே, பின் செலவேது என்று சிலர் வினவலாம். கொடைக்கு வட்டியில்லை என்பது மெய். ஆனால் தூர்ந்த மண்ணைக் காலந்தோறும் அகற்றும் செலவு உண்டு. கடல் செலுத்தும் விலையும் உண்டு. அகழும்போது கலங்கும் சேறு வெயிலை மறைக்கும். வெயிலின்றிக் கடற்புல் வாழாது. இறாலும் ஒராவும் குஞ்சு வளர்க்கும் தொட்டில் அந்தப் புல்வெளியே. அகழ்ந்த மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்பது திட்ட அறிக்கையில் ஒரு வரி. சிறுவலைக்காரனுக்கோ அது ஆண்டு முழுவதுக்குமான உணவு. ஈடு வழங்கப்பட்டாலுங்கூட அது யாரிடம் போய்ச் சேரும்? பதிவுப் பத்திரம் உள்ள படகுச் சொந்தக்காரரிடமும் சம்மாட்டியிடமும் சேரும். பங்குக்குக் கடலுக்குப் போகும் தொழிலாளியிடமும், கரையில் மீன் உணக்கி விற்கும் பெண்ணிடமும் எந்தப் பத்திரமும் இல்லை. சாதியாலும் நிலமின்மையாலும் ஏற்கனவே ஓரத்தில் ஒதுக்கப்பட்டவர்கள், ஈட்டுப் பட்டியலிலும் ஓரத்துக்கு அப்பால் தள்ளப்படுகிறார்கள்.

நம் கண்முன்னே அலைமோதும் பாக்கு நீரிணையே மற்றுமொரு பாடம். அதனூடே கப்பற் கால்வாய் வெட்டும் யோசனையை 1860 இல் டெய்லர் என்னும் ஆங்கிலக் கடற்படையினர் முன்வைத்தார். 1955 இல் இந்திய அரசு இராமசாமி முதலியார் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2005 ஜூலை 2 இல் சேதுசமுத்திரத் திட்டம் மதுரையில் தொடக்கிவைக்கப்பட்டது. 167 கிலோமீற்றர் நீளம், 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம். மதிப்பீடு 2,427 கோடி இந்திய ரூபா. இலங்கையைச் சுற்றிச் செல்லும் தூரத்தில் 424 கடல்மைல்வரை குறையும் என்றனர். தூத்துக்குடியிலிருந்து புறப்படும் கப்பலுக்கு உரிய சேமிப்பை, ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலுமிருந்து வரும் கப்பல்களுக்கும் உரியதாகக் காட்டலாகாது என்று 2007 இல் வாதிட்டார் ஜேக்கப் ஜோன் என்னும் பொருளியலாளர். ஒடுங்கிய கால்வாயில் மெல்லச் செல்லும் நேரமும் வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியும் சேர, எஞ்சுவது மிகச் சிறிது. பாரம் நிறைந்த பெருங்கப்பல்களோ அந்த ஆழத்தில் நுழையவே முடியாதவை.

இத்தகைய கணக்கைப் பற்றியே நாடு விவாதித்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. இராமர் கட்டிய பாலமா, இயற்கைத் திட்டா என்ற வழக்கே மேடைகளையும் நீதிமன்றத்தையும் நிறைத்தது. மீனவர் சங்கங்கள் எழுப்பிய எதிர்ப்பு அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துபோயிற்று. 2007 இல் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றம் பாலத்தைச் சேதப்படுத்தலாகாதெனத் தடை விதித்தது. பின்னர் அமைந்த பச்சௌரி குழு, மாற்றுப் பாதையும் பொருளியலுக்கும் சூழலுக்கும் ஒவ்வாதது என்றது. நிற்க, நீரிணையின் இக்கரையில் வாழும் நாமும் அக்கடலின் பங்காளிகளே. கலங்கும் சேற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாட்டின் நன்மை தீமைகளை மட்டுமே கூட்டிக் கழிக்கும் கணக்கில், மறுகரையின் நட்டம் எந்த நிரலிலும் விழாது. எந்த எல்லைக்குள் கணக்கிடுவது என்ற தெரிவே ஒரு தீர்ப்பாகும்.

காலமும் இத்தகைய எல்லைதான். வருங்கால நன்மை தீமைகளை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர, ஆண்டுக்கு இத்தனை வீதம் எனக் கழித்துக்கொண்டு போவது வழக்கம். நூற்றுக்குப் பத்து வீதம் கழித்தால், ஐம்பது ஆண்டுகளின்பின் நேரும் நூறு ரூபா நட்டம் இன்றைய கணக்கில் ஒரு ரூபாவுக்கும் குறைவு. நம் மாணவரின் பிள்ளைகள் இழக்கப்போகும் மீன்வளம் அட்டவணையில் ஏறத்தாழச் சூனியமாகிவிடுகிறது. பிந்திப் பிறந்தோரின் இன்பதுன்பங்களை, பிந்திப் பிறந்தமை ஒன்றுக்காகவே குறைத்து மதிப்பது அறத்துக்கு ஒவ்வாது என்று 1928 இலேயே எழுதினார் பிராங்க் ராம்சே. முதலீட்டுக்கு வட்டி உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வட்டி பணத்துக்கு உரியது. பிறக்கப்போகும் குழந்தையின் பசிக்கு உரியதன்று.

வெறும் ஆழத்தை வழிபடுவோருக்கு அம்பாந்தோட்டை போதிய மறுமொழி. 17 மீற்றர் ஆழத்தோடு 2010 இல் அது திறக்கப்பட்டது. ஆழம் இருந்தது, எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017 இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் 1.12 பில்லியன் டொலருக்குக் கைமாறிற்று. குத்தகைப் பணம் வந்தும், துறைமுகத்துக்காகப் பெற்ற கடன் திறைசேரியின் தலையிலேயே நின்றது. திறைசேரி என்பது யார்? பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியும் கமக்காரனும் கடற்றொழிலாளியுமே. அத்துறைமுகத்தை ஒருநாளும் கண்ணாற் காணாதவர்கள் அதன் செலவைச் சுமக்கின்றனர்.

இவ்விடத்தில் இருவகைத் தவறுகளிலிருந்து நாம் விலகி நிற்கவேண்டும். இயந்திரம் என்றாலே அஞ்சி, பாய்க்கப்பற் காலத்தை எண்ணிப் பெருமூச்செறிவது ஒன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938 இல் அமெரிக்கக் கரையை அடைந்த பெருமை நமக்கு உண்டு. அப்பெருமை இன்று ஒரு மூடை மாவையும் இறக்காது. உற்பத்திச் சக்திகள் வளர்ந்தாற் போதும், ஏனையவை தாமே சீர்படும் என்று கண்ணை மூடிக்கொள்வது மற்றது. முற்போக்காளர் எனப்படும் நம்மிடையேயும் இந்நோய் உண்டு. மண்வாரிக் கப்பல் சேற்றைத்தான் அள்ளும், உறவுமுறைகளை மாற்றாது. அவற்றை மாற்றவேண்டியவர் மனிதரே.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, நன்மையின் கூட்டுத்தொகையோடு நின்றுவிடாது, யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்ற பங்கீட்டையும் ஒவ்வொரு துறைமுகத் திட்ட அறிக்கையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடவேண்டும். இரண்டாவது, ஈடு என்பது அகழ்வுக்குப் பின் இரங்கிக் கொடுக்கும் பிச்சையாகாது, அகழ்வுக்கு முன் தீர்க்கப்படும் உரிமையாக வேண்டும். அது பத்திரம் இல்லாத தொழிலாளியையும் பெண்ணையும் உள்ளடக்க வேண்டும். மூன்றாவது, முடிவு எடுக்கும் மேசையில் மாதகலுக்கும் மயிலிட்டிக்கும் இடம் வேண்டும். அங்கு அவர்கள் சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு எடை வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் கருத்துக் கேட்பது வெறும் சடங்கே.

இவற்றால் வேலை தாமதமாகும் என்பர். ஆகலாம். 27 ஆண்டுகள் தம் கடலுக்காகக் காத்திருந்த மக்களிடம், ஓராண்டு கலந்து பேசுவதற்குக் காலமில்லை என்று கூற எவருக்கு உரிமையுண்டு?

பின்வரிசை மாணவனின் வினா இன்னும் நம்முன் நிற்கிறது. அதற்குக் கரும்பலகையில் விடை எழுத நம்மால் இயலாது. காங்கேசன்துறையில்தான் அதனை எழுதவேண்டும்.