பணிவிடை பெறுவோர் கடன்

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பல் உடைந்தது; அரபியில் ‘ரபாஇய்யா’ எனப்படும் முன்வரிசைப் பல் அது. திருமுகத்தில் குருதி வழிந்தது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) அவர்கள் கழுவினார்கள். கழுவக் கழுவக் குருதி மிகுவதைக் கண்டு, பாய்த்துண்டு ஒன்றை எரித்துச் சாம்பலைக் காயத்தில் அப்பினார்கள், குருதி நின்றது.

இதனைப் படிப்போர் போரின் கடுமையையே பெரிதும் எண்ணுவர். நாம் எண்ணுவது வேறு. படைத்தலைவராய் நின்றவர்கள், தம் முகத்தை மகளின் கைகளில் ஒப்படைத்திருந்தார்கள். அது அவர்களுக்கு இழிவாகத் தோன்றவில்லை.

அண்ணாமலைநகர்ப் பல் மருத்துவமனையில் கடைவாய்ப்பல்லை அறுத்தெடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்கோ இலால்பேட்டைக்கோ திரும்பும் பெரியவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் அவர் வாய் கொப்பளிக்கலாகாது, உறிஞ்சிக் குடித்தலாகாது, சூடாக உண்ணலாகாது. பற்குழியில் உறைந்த குருதியே புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்தால் எலும்பு வெளிப்பட்டு, இரண்டொரு நாளில் பொறுக்கவொண்ணா வலி தோன்றும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர். பேசவும் இயலாதவர் சைகையால் கேட்க, பிறர் குறிப்பறிந்து செய்ய வேண்டும்.

அவரோ, “ஒரு பல்தானே!” என்று எழுந்து நடமாடுவார். பிறருக்குப் பாரமாகலாகாது என்பது கேட்க நல்ல சொல். அதனுள்ளே, என்றும் கொடுப்பவராகவே விளங்க வேண்டும் என்னும் பெருமை ஒளிந்திருப்பதும் உண்டு. நோயாளிக்குச் செய்யும் கித்மத்தில் நன்மை உண்டென மிம்பரில் கேட்டு மகிழ்கிறோம். அந்நன்மையை நம் மகள் ஈட்ட முன்வருங்கால் தடுப்பது எவ்வகை நியாயம்?

ஆயினும் பணிவிடையைத் தம் உரிமையென எண்ணிப் படுத்திருப்போரும் உளர். அவர்தம் மனைவிக்குப் பல் எடுத்தால், மறுநாள் காலை கன்னம் வீங்கிய நிலையில் அடுப்படியில் நிற்பவர் யார்? அவ்வம்மையாரே! இது நம் வீடுகளில் அரிதன்று. எழுதக் கூசுகிறது, எனினும் எழுதத்தான் வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவியோரிடம், வீட்டாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். அந்த அன்னையாரே, இறுதி நோயில் நாயகம் மிஸ்வாக்கை நோக்கிய பார்வையைக் கண்டு, வேண்டுமா எனக் கேட்டு, தலையசைப்பால் விடை பெற்று, தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள்.