மேல்வீட்டு உரல்

அண்டை வீட்டுச் சத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்களை அவஸ்தைப்படுகிறவர்களாக வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார், எதிர்வீட்டுப் பையன் பாட்டை அலற விடுகிறான் என்று. எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பிராது எங்கள் வீட்டின் மேல் வந்தது.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பா காலமான பிறகு அம்மாவை வீரசோழனிலிருந்து அழைத்து வந்தேன். அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சின்னக் கல்லுரலும் இருந்தது. சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிக்கருகிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மிக்ஸி இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று கேட்டேன். "மிக்ஸியில போட்டா மிளகாய்க்குக் கோவம் வந்துரும்யா" என்றாள். அதற்குமேல் வாதாட முடியுமா? தினமும் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து மிளகோ, மல்லியோ, சுக்கோ இடிப்பாள்.

ஒரு மாதம் சென்றிருக்கும். கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. குடியிருப்போர் சங்கக் காரியதரிசியின் கையெழுத்து. எங்கள் வீட்டிலிருந்து எழும் "இடிச் சத்தம்" கீழ்வீட்டுக்கு உபத்திரவமாக இருப்பதாகவும், உடனே நிறுத்த வேண்டும் என்றும் கண்டிருந்தது. கீழ்வீட்டில் இருப்பவர் யார் என்று அதில் இல்லை. வீட்டு எண் மட்டும் இருந்தது. எங்களுக்கும் எண்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டத்தைத் தேடினேன். மத்திய சர்க்கார் 2000-ஆம் ஆண்டில் ஒலி மாசு பற்றிய விதிகளை வகுத்தது. அதன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். பகல் என்பது காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. இந்த அளவுக்கு மேல் 10 டெசிபலாவது கூடினால் உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம். அம்மா இடிப்பது எட்டு மணிக்கு. அதாவது சட்டப்படி பட்டப்பகல். இதையெல்லாம் எழுதி, இன்டர்நெட்டிலிருந்து எடுத்த விதிகளின் பிரதியையும் இணைத்து, காரியதரிசிக்குப் பதில் அனுப்பினேன். எழுதி முடித்ததும் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், நல்ல கதை ஒன்றை எழுதி முடித்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு விஷயத்தை மறந்துபோனேன். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சத்தமே இல்லை. உரல் பால்கனிக்குப் போய், அதன் மேல் கறிவேப்பிலைத் தொட்டி ஏறியிருந்தது. பிறகு அவள் நடையைக் கவனித்தேன். முன்காலை ஊன்றி, குதிகாலைத் தரையில் படவிடாமல் நடந்துகொண்டிருந்தாள். ஊரிலிருந்து போன் வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். ஒரு ராத்திரி, "நான் நடந்தாலும் கீழ கேக்குமாய்யா?" என்று கேட்டாள். இன்னொரு நாள், "என்னைய ஊருக்கே அனுப்பிவிட்ரு" என்றாள்.

எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. ஒரு காட்டில் நின்றுகொண்டு அடுத்த காட்டில் நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால் குரலைத் தூக்கித்தான் ஆகவேண்டும். சந்தை நாளில் ஆட்டுக் கத்தலோடு வியாபாரிகளின் கத்தலும் சேர்ந்துகொள்ளும். அருப்புக்கோட்டைக்குப் போனால் நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தம். அங்கே பிறந்த குழந்தை அதில்தான் தூங்கும். தறி நின்றால் விழித்துக்கொள்ளும் என்பார்கள். அது வீட்டில் உலை கொதிக்கும் சத்தம் அல்லவா?

பிராது அங்கேயும் உண்டு. நாங்கள் குதிரைவாலி குத்திக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மதினி, பயலுக்குக் காய்ச்சல், இப்பத்தான் கண்ணசந்தான்" என்பாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உலக்கையைச் சாத்திவிடுவாள். அடுத்த வாரமே இருவரும் கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் அந்த "மதினி" இருக்கிறதே, அதைச் சொல்லிவிட்டால் பாதிப் பிராது தீர்ந்துபோகும். பள்ளிவாசல் தெருக்காரர்களும் எங்களுக்கு மாமன், மச்சான்தான்.

கிராமத்தைப் புகழ்ந்து பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மேலத்தெருக் கல்யாணத்தில் விடிய விடிய ஒலிபெருக்கி அலறினால், கீழத்தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய்ச் சொல்ல முடியாது. அங்கே முறை சொல்லிக் கூப்பிட வாயே எழாது. அப்படிப்பட்டவனுக்குக் காகிதமும் சட்டமும்தான் துணை. சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி வாசிகள் ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். பிறருடைய அமைதியைக் குலைத்துப் பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று 2000 ஆகஸ்டு 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்தத் தீர்ப்பு எல்லா மதத்து ஒலிபெருக்கிகளுக்கும் பொருந்தும். ஒலிபெருக்கிக்குக் கை வலிக்காது. அதோடு முறை கொண்டாட முடியாது. ஆனால் ஒரு கிழவியின் கை உரலுக்கும் அதே ஆயுதத்தை எடுக்க வேண்டுமா? எடுத்தவன் கீழ்வீட்டுக்காரன் மட்டுமல்ல. பதிலுக்கு நானும் எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கீழே இறங்கிப் போனேன். சமாதானம் பேசப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், "எங்கம்மா வாயை மூடிவிட்டீர்கள், திருப்திதானே?" என்று கேட்கத்தான் போனேன். மணி அடித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு பையன் கதவைத் திறந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். கண் இரண்டும் கோவைப் பழம். ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ராத்திரி வேலை. காலை ஏழு மணிக்கு வந்து படுக்கிறவன். அவனுடைய நடுநிசி எட்டு மணிக்கு. சட்டத்தின் கடிகாரத்தில் அதற்கு இடமில்லை.

"மேலே மசாலா வியாபாரம் நடக்குதுன்னு நெனச்சேன் சார்" என்றான். "பாட்டின்னு தெரியாது."

அவனோடு நின்று பேசியபோதுதான் இன்னொன்றும் புரிந்தது. உரலின் இடி காற்று வழியாகப் போவதில்லை. தளத்தின் கான்கிரீட்டிலேயே இறங்கி, அவன் தலைமாட்டில் போய் நிற்கிறது. எங்கள் அறையில் அது 'தொம்' என்ற சின்ன ஓசை. அவன் அறைக்கு அது கூரையின் அதிர்ச்சி. கருவி வைத்து எங்கள் வீட்டில் அளந்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன்.

அம்மாவிடம் வந்து சொன்னேன். "ராத்திரி பூரா முழிச்சுட்டா வர்றான்? யாரு பெத்த பிள்ளையோ!" என்றாள். அன்று மாலையே ஒரு கிண்ணத்தில் சுக்குப் பொடியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "எந்த ஊரு ராசா நீ?" என்பதுதான் முதல் கேள்வி. அவன் திருத்தணிப் பக்கமாம். எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் அரைமணி நேரம் பேசினாள்.

இப்போது உரல் உள்ளே வந்துவிட்டது. நாலாக மடித்த சாக்கு அதன் அடியில். இடிப்பது மாலை ஐந்து மணிக்கு. அவனுக்கு எப்போதாவது பகல் வேலை வந்தால் லிப்டில் பார்த்து, "பாட்டி, இந்த வாரம் காலையிலேயே இடிங்க" என்று சொல்கிறான். எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. எங்கள் நாற்காலியைப் பற்றி அவனுக்கும், அவனுடைய போன் பேச்சைப் பற்றி எனக்கும் குறை இருக்கிறது.

நான் எழுதிய அந்தப் பதில் இன்னும் சங்கத்துக் கோப்பில் இருக்கிறது. திரும்பக் கேட்டு வாங்கலாம் என்று இரண்டு முறை காரியதரிசி வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கேட்க வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன்.