நான் இருக்கேன்

“நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் இருக்கேன்.”

இதைச் சொன்னவள் என் தங்கை. சொன்ன இடம் வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் உள்ள மாலம் டார்ன் ஏரிக்கரை. சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த அந்த மேட்டுநிலத்தில் ஏரியும் அதைச் சுற்றிய சதுப்பும் தேசிய இயற்கைக் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. எங்கள் கையிலிருந்த வழிகாட்டி அந்த நடையைக் ‘குடும்பத்துக்கு ஏற்றது’ என்றது. எங்கள் குடும்பம் இதுதான்: எழுபதைத் தாண்டிய, மூட்டுவலி உள்ள அம்மா, தங்கை, அவள் கணவர், எட்டு வயது மகள், தள்ளுவண்டியில் மூன்று வயது மகன், ஊரிலிருந்து விருந்தாளியாகப் போயிருந்த நான்.

ஏரிக்கரைப் பாதை வரை வழிகாட்டி சொன்னது சரிதான். தள்ளுவண்டி உருண்டது. அம்மா நின்று நின்று நடந்தார். ஆனால் அந்த ஊரின் பெயர்பெற்ற காட்சி வேறிடத்தில் இருக்கிறது. தெற்கே இரண்டு கிலோமீட்டர் போல, ஒரு வறண்ட பள்ளத்தாக்கு வழியாக இறங்கிப் போனால், மாலம் கோவ் என்ற 80 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் தலைக்குப் போய்ச் சேரலாம். வழியெல்லாம் கரடுமுரடான கல். வண்டி போகாது. அம்மாவின் முழங்காலும் போகாது. யாராவது ஒருவர் நின்றாக வேண்டும்.

யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சின்ன மௌனம் வந்தது. எல்லாருடைய கண்ணும் ஒரு பக்கம் போனது. அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். அவள் கணவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதிவரும் நானும்தான் போனேன்.

மேலே கண்டது அழகுதான், அதை மறைக்க மாட்டேன். சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உருவான பாறை அது. பனிக்காலத்தில் பனிப்பாளங்கள் அதன் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போய்விட்டன. பிறகு மழைநீர் பாறையின் வெடிப்புகளைக் கரைத்துக் கரைத்து ஆழமாக்கியது. இப்போது பார்த்தால் யாரோ தளக்கல் பாவியது போலிருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்குகளில், ஆட்டின் வாயும் காற்றின் வேகமும் எட்டாத நிழலில், பெரணிகள் வளர்கின்றன. தங்கை மகள் ஒவ்வோர் இடுக்கிலும் குனிந்து பார்த்து, “பெரியம்மா, இங்க ஒரு தோட்டம்!” என்று கத்தினாள். நான் கால் போன போக்கில் நடந்தேன். மனம் லேசாக இருந்தது. சுதந்திரம் பற்றி ஒரு நல்ல வாக்கியம்கூடத் தோன்றியது.

திரும்பி வந்தபோது தங்கை ஓர் ஓடையருகே உட்கார்ந்திருந்தாள். மடியில் பை, தோளில் தூங்கும் குழந்தை. “நல்லா இருந்துதாக்கா? ஃபோட்டோ எடுத்தியா?” என்றாள். எனக்குத் தோன்றிய நல்ல வாக்கியத்தை அதற்குப் பிறகு எழுத முடியவில்லை.

அவள் உட்கார்ந்திருந்த ஓடைக்கு ஒரு கதை உண்டு. ஏரியின் அடியில் இருப்பது நீர் ஊடுருவாத ஸ்லேட் பாறை. அதனால்தான் அங்கே ஏரி நிற்கிறது. ஏரியிலிருந்து வழியும் ஓடை சற்று தூரம் ஓடிச் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும் கற்களுக்குள் இறங்கிக் காணாமல் போகிறது. அந்தப் பெரிய பாறையின் அடிவாரத்தில் ஓர் ஊற்று பொங்குவதைப் பார்ப்பவர்களுக்கு, ஏரித் தண்ணீர்தான் அங்கே வருகிறது என்று தோன்றும். ஆய்ந்து பார்த்ததில் அது பெரும்பாலும் வேறு நீர் என்று தெரிந்தது. ஏரித் தண்ணீர் பாறைக்கு அடியிலேயே போய், கிராமத்தையும் தாண்டி, பெரிதாக யாரும் கவனிக்காத ஏர் ஹெட் ஊற்றில் வெளிவருகிறது. ஓடியது ஓரிடம். நாம் அதைக் கண்டதாக நினைத்துக்கொள்வது, பார்க்கப் பிரமாண்டமாக இருக்கும் வேறோரிடம்.

நடை பற்றிய சிந்தனையின் வரலாற்றிலும் இப்படி நடந்திருக்கிறது. தனியே நடப்பவனின் நினைவோட்டங்களைக் கடைசி நூலாக எழுதிய ரூசோ, தெரேஸ் லெவாஸர் பெற்ற தன் ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதிக்கு அனுப்பியவர். அதை அவரே எழுதிவைத்திருக்கிறார். 1818இல் டொரத்தி வேர்ட்ஸ்வர்த், மேரி பார்க்கர் என்ற தோழியோடு இங்கிலாந்தின் மிக உயரமான சிகரமான ஸ்காஃபெல் பைக்கில் ஏறினார். அதைப் பற்றி அவர் எழுதியதை அண்ணன் வில்லியம், 1822இல் தன் ஏரி மாவட்ட வழிகாட்டி நூலில் சேர்த்துக்கொண்டார், தங்கையின் பெயரைச் சொல்லாமல். ஏறியவள் ஒருத்தி, வாசகர் கண்ட பெயர் வேறு.

தத்துவம் நெடுங்காலம் மனிதனை இப்படித்தான் கற்பனை செய்தது: கையில் பை இல்லாதவன், பின்னால் வருபவருக்காக நிற்கத் தேவையில்லாதவன். தெகார்த் தான் சிந்திப்பதை வைத்துத் தன் இருப்பை உறுதிசெய்துகொண்டார். தமிழில் “நான் இருக்கேன்” என்பது அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியம் அல்ல. காய்ச்சலில் கிடப்பவரிடமும், பள்ளி வாசலில் அழும் குழந்தையிடமும் சொல்வது. இன்னொருவருக்காக நிற்பதுதான் அங்கே இருப்பது. நம் மொழி எத்தனை ஆழமாக யோசித்திருக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்த வாக்கியத்தை வீட்டில் அதிகம் சொல்கிறவர் யார் என்று எண்ணிப் பார்த்த பிறகு பெருமைப்படுவோம்.

“அவளேதானே சொன்னாள், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே” என்று கேட்கலாம். உண்மை. ஆனால் தேர்வு என்பதற்குக் குறைந்தபட்சம் இரண்டு வழி வேண்டும். அவள் அன்று “நானும் வர்றேன்” என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும்? கேள்வி எழுந்திருக்கும், முகங்கள் மாறியிருக்கும், அம்மா “எனக்காக யாரும் நிக்க வேண்டாம்” என்றிருப்பார். அந்தச் சங்கடத்தின் விலையை அவள் முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். யாராவது நிற்க வேண்டியிருப்பது அநியாயம் அல்ல. மனிதர் முதுமையடைவர், குழந்தைகள் தூங்கிப்போவர். நிற்கப்போவது யார் என்பது கிளம்புவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருப்பதுதான் அநியாயம்.

அதனால் ‘குடும்பத்துக்கு ஏற்ற’ பாதைகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தேசியப் பூங்காவில், கல்சுவர்களைத் தாண்ட வைத்திருக்கும் ஏறுபடிகளுக்குப் பதிலாகத் திறக்கும் கதவுகள் உள்ள பாதைகளைத் தேர்ந்து தனியாக அறிவித்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகலாம். ஏறுபடியைக் கட்டியவர் மனத்தில் இரண்டு நல்ல கால்கள் இருந்தன. கதவை வைத்தவர் மனத்தில் ஒரு குடும்பம் இருந்தது. நம் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கற்களும் அந்த வகைதான். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டவை, வழிப்போக்கரின் தலைச்சுமையை வாங்கிக்கொண்டன. சுமப்பவரை நினைத்துப் பாதை போடுவது நல்ல அறம். ஆனால் பாதை சரிவையும் கல்லையும்தான் பார்த்துக்கொள்ளும். பை யார் தோளில் என்பதைப் பாதை தீர்மானிக்க முடியாது.

அடுத்த ஆண்டு மறுபடி போனோம். அதே ஓடை. மௌனம் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன்: “இந்தத் தடவை நான் இருக்கேன்.” எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. அம்மா சிரித்துவிட்டார். “அவளுக்குப் பதிலா நீயா? ஏன், இங்க வேற ஆளே இல்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்ணின் இடத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு அதை நியாயம் என்று நினைத்திருந்தேன். வசதியான வீடுகளில் நடப்பதும் இதுதானே: ஒருத்தி வேலைக்குப் போக இன்னொருத்தி வருகிறாள், கணக்கு நேராகிவிட்டது போலத் தெரிகிறது. அம்மாவை நான் ‘நிறுத்திவைக்க வேண்டியவர்’ பட்டியலில் வைத்திருந்ததும் அப்போதுதான் புரிந்தது. சென்ற முறை பேரனைக் கதை சொல்லித் தூங்க வைத்தது அவர்தான் என்று தங்கை பிறகு சொன்னாள்.

தங்கையின் கணவர் நல்லவர். அம்மா சொன்னதைக் கேட்டு முகம் சிவந்தாலும், “நான் இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் போங்க” என்றார். உடனே கேள்விகளும் வந்தன. பையனுக்கு மாற்று உடை எங்கே? அத்தைக்கு மாத்திரை எத்தனை மணிக்கு? பிஸ்கட் எந்த அறையில்? நிற்பது என்பது வெறும் கால்வேலை அல்ல; அது ஓர் அறிவு. அந்த அறிவை அவர் இதுவரை தேட வேண்டியிருக்கவில்லை.

தங்கை இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது கேள்விக்குப் போய்விடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“பையத் திறந்து பாருங்க” என்றாள். நடந்தாள்.