ஒட்டுக்கு மேலா, கீழா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் சாய்ந்த தென்னைகளைப் பற்றி யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தென்னைக்கு உச்சிக் குருத்து ஒன்றுதான் உயிர். அது முறிந்தால் மரம் நின்றாலும் போனதுதான். மனதை அலைக்கழித்தது கொல்லையில் இடுப்பளவுக்கு முறிந்து நின்ற மாமரம். மா மறுபடி துளிர்க்கும். அதனால்தான் வெட்டுவதா, விடுவதா என்ற கேள்வியே வந்தது.

தம்பி புதுக்கன்று வைக்கலாம் என்றான். அம்மா, "வேர் உசுரோட இருக்கப்ப எப்படிடா வெட்டுறது?" என்றார். நான் அம்மா பக்கம். பாசத்தால் மட்டுமல்ல. ஒட்டுக்கன்று மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும், உண்மைதான். ஆனால் ஆழத்தில் ஈரம் தேடிப் பழகிய வேரைக் கடையில் வாங்க முடியாது. வெட்டுவாயைச் சாய்வாகச் சீவி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசி, வரும் துளிர்களில் திடமான மூன்று நான்கை மட்டும் விட்டால் போதும். மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியை உள்ளேயே அடைத்துவிட்டு, அதைச் சுற்றிப் புது மரம் வளர்கிறது. இழப்போடு வாழ்வதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் துளிர்த்ததெல்லாம் பழைய மரம் ஆகிவிடாது. பக்கத்து வீட்டு மா ஒட்டுக்குக் கீழே முறிந்திருந்தது. மழைக்குப் பிறகு செழிப்பாகத் தளிர் விட்டது. பார்த்தவர்களெல்லாம் பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். வந்தது வேர்ச்செடியின் தளிர், ஏதோ ஒரு நாட்டு மாங்கொட்டையில் முளைத்தது. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அதில் பழைய பழம் வராது. மீண்டு வந்ததாக நாம் நம்பும் உறவுகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பசுமையைப் பார்க்கிறோம், அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதில்லை.

அந்த மரத்தையும் வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தளிர் பென்சில் பருமன் ஆனதும் அதன்மேல் வேறொரு நல்ல மரத்தின் குச்சியை ஒட்டலாம். வேர் பழையது, கிளை புதிது. இதைச் சொன்னதும் அந்த வீட்டு அக்கா கேட்டது ஒன்றுதான்: "நீலம் குச்சி யார்ட்ட கிடைக்கும்?"