தட்டினால் பாடும்

பரணிலிருந்து இறக்கிய பழைய வாக்மேனில் எஸ். ஜானகி பாடிக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டில் குரல் இழுத்து இழுத்து ஆண் குரலாகிவிட்டது. (வாக்மேன் என்பது 1979 ஜூலையில் சோனி விற்பனைக்கு விட்ட கருவியின் பெயர். என்னுடையது வேறு கம்பெனி சரக்கு. நம்மூரில் இடுப்பில் மாட்டும் டேப் எல்லாமே வாக்மேன்தான்.) உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். ஜானகி திரும்பி வந்தார். மறுநாள் ஐந்து தட்டு, வரவில்லை. ஆனாலும் வீட்டில், "அது தட்டினாப் பாடும்" என்றே பேச்சு. வீணாய்ப் போன ஐந்து தட்டுகள் யார் கணக்கிலும் ஏறவில்லை. வேண்டுதல் பலித்த கதைகளும் ஊரில் இப்படித்தான் உலவுகின்றன.

பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. உள்ளே வேறு உலகம். புது செல் போட்டார், இழுத்தது. வேறு கேசட் போட்டார், அப்போதும் இழுத்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார், கவனியுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று சொல்ல முடியாது. அப்புறம் மீட்டர் வைத்தார். இரண்டு செல்லும் சேர்ந்து 3 வோல்ட் கொடுக்க, மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 2 வோல்ட்கூட இல்லை. எப்போதோ செல் கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருந்தது. என் தட்டு ஒருநாள் பலித்தது இதனால்தான்: அதிர்வில் செல் நகர்ந்து, ஸ்பிரிங்கின் சுத்தமான இடத்தைத் தொட்டிருக்கிறது.

ஆல்கலைன் செல்லில் கசிவது காரம். அதனால் வினிகர் தொட்டுத் துடைத்து, சுரண்டி, காயவைத்தார். மோட்டார் விறுவிறுவென ஓடியது. பாட்டு இன்னும் தள்ளாடியது. "நான் நெனச்சது பாதிதான் சரி சார்" என்று மறுபடி திறந்தார். மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட் தொய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. கேசட்டில் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நாடா ஓட வேண்டும். குறைந்தால் குரல் தடிக்கும். புது பெல்ட்டோடு 250 ரூபாய். "மறுபடி இழுத்தா கொண்டாங்க, காசு வேணாம்."

நெனச்சது பாதிதான் சரி. எந்த ஜோசியராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பரிகாரம் பலிக்காவிட்டால் குறை உங்கள் பக்தியின் மேல் விழும், காசு திரும்பாது.

பழுது பார்த்தவரே பேச்சுவாக்கில் சொன்னார்: மகளுக்கு முப்பது தாண்டுகிறது, செவ்வாய் தோஷம், இரண்டு கோயிலில் பரிகாரம் செய்தாயிற்று. "இது செவ்வாய்க்கிழமை வாங்கின வாக்மேன், அதான் இழுக்குதுன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?" என்றேன். சிரித்தார். "மெஷின் வேற, மனுஷங்க வேற சார்."

வேறுதான். மெஷினுக்கு மீட்டர், மகளுக்குக் கட்டம். 250 ரூபாய் வேலைக்குச் சாட்சி தேடுகிறவர், பெற்ற பெண்ணின் வாழ்க்கையை யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு ஒப்புக்கொடுக்கிறார். தெரியாமல் செய்கிறார் என்று விட்டுவிட முடியவில்லை. காரணம் தேடும் வித்தை அவர் விரல்நுனியில் இருக்கிறது.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. என் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். எனக்கென்று வந்த இரண்டு பெண்களைக் கட்டம் கழித்துவிட்டது. அவர்களிடம் என்ன பழுது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை பார்த்த ஆபீஸில் அப்போது பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தவனும் நான்தான்.

தை பிறந்ததும் உங்கள் வீட்டுக்கும் ஜாதகங்கள் வரும். தோஷம் என்று ஒன்றைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால் தரகரிடம் கொடுத்தனுப்பாதீர்கள். நேரில் போங்கள். அது எதை, எப்படிக் கெடுக்கும் என்று அந்தப் பெண்ணிடமே விளக்குங்கள்.