குளிசையும் ஸபூரும்

ஒருவரின் பொறுமை அவருக்குச் சொந்தமானதா, அவர் விழுங்கும் குளிசைக்குச் சொந்தமானதா? தெமட்டகொடையில் வாழும் என் ராத்தாவின் நோய் இக்கேள்வியை எனக்குள் கிளப்பி விட்டது.

முதலில் நெஞ்சு படபடத்தது, உடம்பு மெலிந்தது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. சில மாதங்களில் எல்லாம் தலைகீழானது. குளிர், மறதி, சுபஹுக்கு எழும்ப முடியாத அசதி. அயலார் முதலில் கோபக்காரி என்றார்கள், பிறகு சோம்பேறி என்றார்கள். ஒரு வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்று விற்றமின் கொடுத்தனுப்பினார். ஓதிய தண்ணீரும் வந்தது. துஆவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரத்தத்தைச் சோதித்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. 1912இல் ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர் எழுதி வைத்த நோய் அது. உடலின் காவற்படையே கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியைத் தாக்குகிறது. சிதையும் சுரப்பியிலிருந்து சேமிப்பிலிருந்த ஹோர்மோன் சிலவேளை இரத்தத்தில் கொட்டுகிறது. பின்னர் வற்றிப் போகிறது.

இப்போது தைரொக்சின் குளிசை. காலையில் வெறும் வயிற்றில் விழுங்கி, தேநீருக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அளவை மாற்றினால் இரத்தம் நிலைபெற ஆறு வாரம் செல்லும். நோன்பு காலத்தில் குளிசையையே நிறுத்தி விடுவோர் நம்மில் உள்ளனர். இரவில் படுக்கப் போகும்போது எடுக்கலாமா என்று வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதுமே!

1891இல் ஜோர்ஜ் மரே என்ற ஆங்கில வைத்தியர், ஆட்டின் தைரொயிட்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்ணொருத்திக்கு ஊசியாக ஏற்றினார். மந்தித்துக் கிடந்தவள் தேறி, மேலும் 28 வருடங்கள் வாழ்ந்தாள். ஆட்டுச் சாறு அவளுக்குப் புதுக்குணம் ஒன்றைக் கொடுத்ததா? அவளையே அவளிடம் திருப்பிக் கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறுவர், உறங்குவோர், புத்தி பேதலித்தோர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக நாம் அறிவோம். ராத்தா இம்மூவரில் எவருமல்லர். கோபம் உச்சத்திலிருந்த நாட்களிலும் பிள்ளைகளை மற்ற அறைக்கு அனுப்பிய பிறகே சத்தம் போடுவார். அந்த ஒரு கணம் எந்தச் சுரப்பியிலிருந்தும் வந்ததல்ல. அவருடைய ஸபூரை நான் அங்கேதான் காண்கிறேன். கோபத்தை நோயின் கணக்கில் எழுதலாம் என்பதே என் கட்சி.

ராத்தா இதை ஏற்கவில்லை. "அப்ப நான் நல்லா இரிக்கிற நாளும் என்ட இல்லியா, தம்பி?" என்று கேட்டார். குளிசை நிலத்தைச் சமப்படுத்துகிறது, நடப்பது நீங்கள்தான் என்றேன். அவர் திருப்திப்பட்டதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம், முன்பு ஏசிவிட்ட பக்கத்து வீட்டு மாமியிடம் போய் மாப்புக் கேட்டிருக்கிறார். நோய் செய்ததற்கு நீங்கள் ஏன் கேட்க வேண்டும் என்றேன்.

"மனம் நொந்தது அவக்குத்தானே" என்றார்.